17,71,561 டிரிபிள்களும் ஒரு நெற்றியும்

கேள்வி: 1996-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' அறிவியல் தொடரின் டிரிபிள் எபிசோடை ரசிகர்கள் பிரேம் பிரேமாக நிறுத்தி, எது எதோடு பொருந்துகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். கதையை ரசிக்காமல் இப்படிக் கணக்குப் போடுவது வெட்டி வேலை இல்லையா? அதில் வரும் கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் நெற்றி ஏன் மாறியது என்பதற்காவது தெளிவான பதில் உண்டா?
– வாசகர், கரூர்

பதில்: கணக்குப் போடுவது வெட்டி வேலையா? வாருங்கள், முதலில் ஒரு கணக்குப் போடுவோம். நெற்றி காத்திருக்கட்டும்.

1996 எபிசோடுக்கு மூலம், 1967 டிசம்பரில் ஒளிபரப்பான 'தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்'. எழுதிய டேவிட் ஜெரால்டுக்கு அப்போது 23 வயது. டிரிபிள் என்பது கையில் அடங்கும் உரோமப் பந்து மாதிரி ஓர் உயிரினம். தின்னும், குட்டி போடும், வேறு வேலை கிடையாது. விண்வெளி நிலையத்தின் தானியக் கிடங்கை விண்கலக் கேப்டன் கிர்க் திறக்கிறார். அவர் தலையில் டிரிபிள்கள் மழையாகக் கொட்டுகின்றன. பக்கத்தில் நிற்கும் அவருடைய அதிகாரி ஸ்போக் உடனே எண்ணிக்கை சொல்கிறார்: 17,71,561.

பார்ப்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், ஏதோ வாய்க்கு வந்த எண் என்று. இல்லை. அந்த எண்ணுக்கான நிபந்தனைகளை ஸ்போக் அதே மூச்சில் சொல்கிறார்: ஆரம்பத்தில் ஒரு டிரிபிள், ஓர் ஈற்றுக்குச் சராசரியாகப் பத்துக் குட்டி, 12 மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, மூன்று நாள். ஆக ஆறு தலைமுறை. தாயும் பத்துக் குட்டிகளும் சேர்ந்தால் 11. அப்புறம் 121, 1,331, 14,641, 1,61,051, கடைசியில் 17,71,561. ஒன்றுகூடப் பிசகவில்லை. தாயைக் கணக்கில் விட்டிருந்தால் சரியாகப் பத்து லட்சம் வந்திருக்கும், கேட்பதற்கும் சுலபம். ஜெரால்ட் தாயை விடவில்லை. பிறந்த குட்டி 12 மணி நேரத்தில் எப்படி ஈனும் என்று கேட்பவருக்கும் பதில் அதே எபிசோடில் இருக்கிறது. டிரிபிள்கள் சூலோடுதான் பிறக்கின்றன என்று டாக்டர் மெக்காய் முன்பே சொல்லிவிடுகிறார்.

23 வயதுப் பையன், ஒரு நகைச்சுவைக் கதைக்கு, இந்த அக்கறை எடுத்துக்கொண்டிருக்கிறான். நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் அறிவியல் கதைகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் விழுகின்றன. ஒளியின் வேகத்தில் போகும் கலம் நாலே நாளில் பக்கத்து நட்சத்திரத்தை அடைந்துவிடுகிறது. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் பிராக்ஸிமா சென்டாரிக்கு ஒளியே நாலு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இதைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினால், 'உணர்ச்சியைப் பாருங்கள், எண்ணைப் பார்க்காதீர்கள்' என்று கடிதம் வருகிறது. இந்தச் சண்டையில் நான் இறங்கி வருவதாக இல்லை. எண்ணை மதிக்காதவர் வாசகரையும் மதிப்பதில்லை.

சரி, 1996-க்கு வருவோம். 'ஸ்டார் ட்ரெக்'கின் முப்பதாவது ஆண்டுக்காக 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரின் குழு செய்த காரியம், பழைய கதைக்குள்ளேயே தங்கள் பாத்திரங்களை நுழைத்தது. பழைய கப்பலின் அறைகளைத் திரும்பக் கட்டினார்கள். கப்பலின் மாதிரியை கிரெக் ஜீன் புதிதாகச் செய்தார். கிர்க் தன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, சண்டையை ஆரம்பித்தது யார் என்று விசாரிக்கும் காட்சியில் புதிய தொடரின் ஓபிரையனும் பஷீரும் நிற்கிறார்கள். 1967-ல் கிளிங்கான் ஒற்றனாக நடித்த சார்லி பிரில்லே, கிழவனாகத் திரும்பி வந்து கதையைத் தொடங்கி வைக்கிறார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அந்தக் கிடங்குக் காட்சிதான். பழைய எபிசோடில் பெரிய குவியல் கொட்டி முடிந்த பிறகும் கிர்க் தலையில் ஒவ்வொரு டிரிபிளாக விழுந்துகொண்டே இருக்கும். ஏன்? படப்பிடிப்பில் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். 29 வருடம் கழித்து அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் கிடைக்கிறது. ஒரு டிரிபிளுக்குள் வெடிகுண்டு ஒளிந்திருக்கிறது. கிடங்கின் உள்ளே புதிய தொடரின் கேப்டன் சிஸ்கோவும் அவருடைய அதிகாரி டாக்ஸும் இடுப்பளவு டிரிபிள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, குண்டு இல்லாததை வெளியே எறிகிறார்கள். அது நேராகக் கிர்க் தலையில். பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்த்தவர்கள் மட்டுமே எழுதக்கூடிய காட்சி இது. நீங்கள் வெட்டி வேலை என்கிறீர்களே, அந்த வேலையிலிருந்து பிறந்தது.

நெற்றிக்கு வருகிறேன். 1967-ல் கிளிங்கான்களுக்கு நம்மைப் போல வழவழ நெற்றி. மேக்கப்புக்குப் பணம் இல்லை. 1979-ல் முதல் திரைப்படம் வந்தபோது பணம் இருந்தது, நெற்றியில் மேடும் வந்தது. 1996 எபிசோடில் பழைய கிளிங்கான்களைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு எல்லோரும் தங்களோடு வந்த மேட்டு நெற்றிக் கிளிங்கான் வோர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மரபணு மாற்றமா என்கிறார் ஒருவர், வைரஸா என்கிறார் இன்னொருவர். வெளியாட்களிடம் நாங்கள் இதைப் பேசுவதில்லை என்று வோர்ஃப் முடித்துவிடுகிறார். ஓர் இனத்தின் மானமும் வெட்கமும் அந்த ஒற்றை வரியில் இருக்கின்றன. மேக்கப் பெட்டியின் குறை ஒரு பாத்திரத்தின் குணமாக மாறிவிட்டது.

2005-ல், கிர்க்குக்கு முந்தைய காலத்தில் நடக்கும் 'என்டர்பிரைஸ்' என்ற ஸ்டார் ட்ரெக் தொடர் இதற்கு இரண்டு எபிசோடுகளைச் செலவழித்தது. மரபணு மாற்றமும் உண்டு, வைரஸும் உண்டு என்று இரண்டு ஊகத்தையும் சேர்த்து விடை எழுதியது. உழைப்பை மதிக்கிறேன், விடையை ஏற்க மாட்டேன். கொலோத் என்ற கிளிங்கான் கேப்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் கேம்ப்பெல் 1967 டிரிபிள் கதையில் வழவழ நெற்றியோடு நடித்த அதே பாத்திரம், 1994-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' எபிசோடு ஒன்றில் அவரே நடிக்க, மேட்டோடு வருகிறது. முன்னோருக்கு வைரஸால் போன மேடு கொலோத்துக்கு எப்படி வந்தது? அதற்கு இன்னொரு விளக்கம் வேண்டும், அதற்கும் மேலே இன்னொன்று. வோர்ஃபின் பதிலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: தெளிவான விடை இருக்கிறது, அது வேண்டாம்.

இரண்டு எபிசோடுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். 1996-ன் முடிவில் சிஸ்கோ கிர்க்கிடம் கையெழுத்து வாங்கும் காட்சியை நிறுத்திப் பாருங்கள். அந்தக் கிர்க் டிரிபிள் கதையின் கிர்க்கே இல்லை. 'மிரர், மிரர்' என்ற வேறு எபிசோடின் கடைசிக் காட்சியிலிருந்து எடுத்தது. அங்கே கிர்க் முன்னால் நின்றது மார்லினா என்ற பெண் அதிகாரி. அவரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சிஸ்கோவை நிறுத்தியிருக்கிறார்கள்.