அடைமுட்டையும் பாகல் நாற்றும்

கேள்வி: சித்திரையில் 12 முட்டை அடை வைத்தேன், 5 குஞ்சுதான் பொரிந்தது. நட்ட பாகல் விதையையும் கோழி கிளறிவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, முட்டைகளை எத்தனை நாள் சேர்த்து வைத்தீர்கள்? நம் பக்கத்து வெயிலில் அடை வைக்கும் முன்பே உள்ளே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும். நான் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈரமணல் மேல், கூர்முனை கீழே இருக்கும்படி வைப்பேன். நாலைந்து நாளுக்கு மேல் வைப்பதில்லை.

ஏழாம் நாள் ராத்திரி, இருட்டறையில் செல்போன் டார்ச் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். கருப்பொட்டிலிருந்து சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் பொரியும். அவசரப்பட்டு ஓட்டை உரிக்கவே வேண்டாம். குஞ்சு பொரிந்த ஏழாம் நாள் லசோட்டா என்னும் வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்து விட்டுவிடுங்கள், அந்த நோயில் ஒரு பட்டியையே இழந்தவன் சொல்கிறேன்.

பாகலா? சிரட்டையில் மண் போட்டு முளைக்கவிட்டு, நாலு இலை வந்ததும் கோடை மழை ஈரத்தில் நடுங்கள். கொடி பந்தல் ஏறும்வரை தாய்க்கோழி பஞ்சாரத்துக்குள்ளேயே இருக்கட்டும்.