மொய் வேண்டாம் என்கிறாள் தோழி, விடமாட்டேன் என்கிறார் அம்மா

கேள்வி: அக்கா, என் தோழிக்கு ஏற்காட்டில் கல்யாணம். பசுமைக் கல்யாணம் என்று பத்திரிகை அடிக்கவில்லை, வாட்ஸ்அப்பில்தான் அழைப்பு. மொய், பரிசு, பூங்கொத்து வேண்டாம், முடிந்தால் மலைக்கிராமப் பள்ளிக்கு ஒரு கதைப்புத்தகம் கொண்டுவாருங்கள் என்று போட்டிருக்கிறாள். புரோகிதர் இல்லை, அப்பா இல்லாததால் அவள் அம்மாதான் தாலி எடுத்துக்கொடுக்கப் போகிறார். ஆனால் என் அண்ணன் கல்யாணத்துக்கு அந்த அம்மா ஐயாயிரம் மொய் எழுதியிருக்கிறார். அதைத் திருப்பிச் செய்யாமல் எப்படிப் போவது என்கிறார் என் அம்மா. மந்திரம் இல்லாத கல்யாணம் செல்லுமா என்கிறார் பாட்டி. என்ன செய்ய?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பாட்டி கேட்டதை முதலில் முடித்துவிடலாம். தாராளமாகச் செல்லும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உற்றார் நண்பர்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகப் புரிகிற மொழியில் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். 90 நாளுக்குள் பதிவு செய்யத் தோழிக்கு ஞாபகப்படுத்துங்கள், அது எல்லாக் கல்யாணத்துக்கும் உள்ளதுதான்.

மொய் விஷயத்தில் உங்கள் அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது. நோட்டில் பேர் போட்டு எழுதின மொய் கைமாற்று மாதிரிதான், திருப்பாவிட்டால் மனசு உறுத்தும். ஆனால் அதை மண்டபத்தில்தான் தீர்க்க வேண்டுமா? கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி இரண்டு பேரும் அவர்கள் வீட்டுக்குப் போங்கள், தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு பணத்தை வைத்து, "செலவுக்கு ஆகும், வச்சுக்குங்க" என்று அந்த அம்மா கையிலேயே கொடுங்கள். கணவர் இல்லாதவருக்கு வெற்றிலைத் தட்டா என்று யாராவது இழுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், தாலியே அவர்தானே எடுத்துக்கொடுக்கப் போகிறார். வாங்க மறுத்தால், சரி, அந்தப் பணத்துக்கும் புத்தகம் வாங்கிவிடலாமா என்று கேட்டுவிடுங்கள்.

மேடையில் மட்டும் கவரை நீட்டாதீர்கள். நீங்கள் நீட்டினால் பின்னால் நிற்பவர் கையும் தானாகச் சட்டைப்பைக்குப் போகும், கொண்டுவராதவர் கூசிப்போய் நிற்பார். அந்தக் கூச்சம் யாருக்கும் வரக்கூடாது என்றுதான் அவள் வேண்டாம் என்று எழுதியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

புத்தகம் என்றதும் வீட்டில் கிடக்கும் பழைய கைடுகளைக் கட்டி எடுத்துப் போகிறவர்கள் உண்டு (உங்களைச் சொல்லவில்லை). படம் போட்ட, எழுத்துப் பெரிதாக உள்ள கதைகளாகப் பார்த்து வாங்குங்கள், பளபளக்கிற பிளாஸ்டிக் தாளில் சுற்றாமல் அப்படியே கொடுங்கள். அப்புறம், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரில் அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறினால் பசுமைக் கல்யாணம் கேலிக்கூத்தாகிவிடும். சேர்ந்து ஒரு வேன் பிடியுங்கள். பந்தியில் வேண்டாத பதார்த்தம் வரும்போதே இலைமேல் கையைக் குறுக்கே காட்டிவிடுங்கள், விழுந்த பிறகு ஓரமாக ஒதுக்குவதில் பயனில்லை.

கேள்வி: கூட்டுப்புழுவைக் கொன்றுதான் பட்டு எடுக்கிறார்களாம். இப்படிப்பட்ட பசுமைக் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிப் போனால் முகம் சுளிப்பார்களா?
- வாசகி, ஓமலூர்

பதில்: பீரோவில் இருப்பதைக் கட்டுங்கள், யாரும் சுளிக்கமாட்டார்கள். புதிதாக எடுக்காமல் இருந்தாலே போதும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் கைத்தறிப் பருத்தி எடுங்கள், அடுத்த கல்யாணத்துக்கும் ஆகும்.