குட்டை மூக்கு நாய்களின் மூச்சுத் திணறல்: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

மார்த்தாண்டம்: டாக்டர், எங்கள் பக் நாய்க்கு இரண்டு வயது. முழித்திருக்கும்போதும் கொர் கொர்ரென்று சத்தம். பக் என்றால் அப்படித்தான் என்கிறார் விற்றவர்.

அதை நம்பாதீர்கள். ஒடுங்கிய வழியில் காற்று முட்டி மோதிப் போகிற சத்தம் அது. தலைமுறை தலைமுறையாக முக எலும்பைக் குட்டையாக்கினார்கள். உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. மூக்குத் துவாரம் பிறவியிலேயே கீறல் மாதிரி இருக்கும். மேலண்ணத்தின் பின்பக்கச் சதை நீண்டு குரல்வளை வாசலை மறைக்கும். சில குட்டிகளுக்கு மூச்சுக்குழாயே சிறுத்திருக்கும். இத்தனையையும் மீறிக் காற்றை இழுத்து இழுத்து, நாளடைவில் குரல்வளையே தளர்ந்து உள்ளே மடியும். இப்போதே காட்டிவிடுங்கள்.

குளச்சல்: வீடு கடற்கரையில், நல்ல காற்று. மாலை நான்கு மணிக்கு பிரெஞ்சு புல்டாக்கை மணலில் ஓடவிடலாமா?

வேண்டாம். நாய்க்கு நம்மைப்போல் வியர்க்காது. இளைக்கும்போது நாக்கு, வாய், மூக்கின் ஈரம் ஆவியாகித்தான் சூடு தணியும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால் சீக்கிரம் ஆவியாகாது. இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கி வழி இன்னும் அடைபடும். உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். 105 தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தள்ளாடினாலோ நாக்கு நீலம் பாரித்தாலோ உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேன் காற்றில் வையுங்கள், அப்புறம் வண்டியைக் கூப்பிடுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு சித்திரையில் ஒரு புல்டாக்கைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டு வந்தார்கள். வழியிலேயே இறந்திருந்தது. துண்டு காய்ந்தே இருந்தது. இன்றும் அது என் மனதை விட்டுப் போகவில்லை.

தக்கலை: கழுத்துப் பட்டையா, மார்புப் பட்டையா?

மார்புப் பட்டைதான். எடையும் கூடக் கூடாது; தடவினால் விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். சாயாவோடு கொடுக்கும் பிஸ்கட்டை நிறுத்துங்கள்.

நாகர்கோவில்: ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். மயக்க மருந்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். மூக்குத் துவாரத்தை அகலமாக்கலாம், நீண்ட அண்ணச் சதையை வெட்டலாம். குரல்வளை தளர்வதற்கு முன்னால் செய்தால் பலன் அதிகம். சிறுத்த மூச்சுக்குழாயை மட்டும் மாற்ற முடியாது. மயக்கம் தெளிகிற நேரம்தான் ஆபத்தானது. நாய் நன்றாக முழிக்கும்வரை மூச்சுக்காகத் தொண்டைக்குள் செருகிய குழாயை எடுக்காமல், பக்கத்திலேயே ஆள் இருந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்தும் கேட்கலாம்.

ஆரல்வாய்மொழி: பக் குட்டி வாங்கலாமா?

தாய் நாயை முற்றத்தில் இரண்டு சுற்று ஓடவிட்டுக் காட்டச் சொல்லி, மூச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.