வார்சாவின் ஜாடிக்காரர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்து பற்றி நீங்கள் எழுதியதில் 'இன்டெலிஜென்ஷியா' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. படித்த நடுத்தர வர்க்கம் என்றால் போதாதா? நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் 'பண்பாட்டு மூலதனம்' என்று, படிப்பையும் பேச்சையும் சொத்தாகப் பார்க்கும் கணக்குக்குள் அடைப்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

கோவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நடுத்தர வர்க்கம் என்றதும் வருமானம்தான் நினைவுக்கு வரும். போலந்தின் இன்டெலிஜென்ஷியாவில் பலர் இழந்ததே அதைத்தான். 1795இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்குபோட்டு முடித்தபோது போலந்து என்ற நாடே இல்லாமல் போனது. 1863இல் ரஷ்யாவுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும் தோற்றது. கிளர்ச்சியில் இறங்கிய பிரபுக்களின் நிலங்களை ஜார் அரசு பறித்தது. மறு ஆண்டே அங்கே குடியானவர்கள் உழுத நிலத்தை அவர்களுக்கே சொந்தமாக்கியது. நிலமும் ஆளும் போன சிறுபிரபுக் குடும்பங்கள் நகரத்துக்கு வந்து ஆசிரியர், மருத்துவர், பத்திரிகையாளர் ஆயின. வேறு பின்னணியிலிருந்து படித்து வந்தவர்களும் சேர்ந்தார்கள். ஆனால் நடையும் பேச்சும் பிரபு வீட்டுடையவை. இன்றும் போலந்தில் முன்பின் தெரியாத ஆணைப் 'பான்' என்றுதான் அழைப்பார்கள். ஒரு காலத்தில் பண்ணையாரைக் குறித்த சொல் அது.

தியாகத்தை நான் துளியும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரஷ்ய ஆட்சியின்கீழ், பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த வார்சாவில், வீடு மாற்றி வீடு மாற்றி ரகசிய வகுப்புகள் நடத்தினார்கள். 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்று பெயர். மேரி கியூரி அங்கே படித்தவர். 1939 நவம்பர் 6 அன்று போலந்தை ஆக்கிரமித்த ஜெர்மானியர்கள் கிராகோ நகரில் ஓர் உரைக்கென்று பேராசிரியர்களை வரவழைத்து, 183 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1940இல் ரஷ்யாவின் 'காட்டின்' (Katyn) என்ற இடத்திலும் மற்ற இடங்களிலும் சோவியத் ஆட்சி கொன்ற சுமார் 22,000 போலந்துக்காரர்களில் மருத்துவர்களும் வக்கீல்களும் ஆசிரியர்களும் ஏராளம்.

சரி, அதே தியாகம்தான் பின்னால் மூலதனமும் ஆனது. வார்சா சமூகவியலாளர் டோமாஷ் ஸரிட்ஸ்கி இதை விளிம்புநிலையோடு இணைத்துப் பார்க்கிறார். மேற்கு ஐரோப்பாவின் விளிம்பில் இருக்கும் நாட்டில் பணத்தைவிடப் படிப்பும் அயல்மொழியும் குடும்பப் பெயரும்தான் ஒருவரை மேலே தூக்கி நிறுத்துகின்றன. பாரிஸுக்கு முன்னால் வார்சா கூசுகிறது. அந்தக் கூச்சம் போலந்தின் கிழக்கு மாவட்டங்களின் பக்கம் திரும்பும்போது ஏளனமாகிவிடுகிறது.

1980 ஆகஸ்ட்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பத்திரிகையாளர் மசோவியெட்ஸ்கியும் வரலாற்றாசிரியர் கெரமெக்கும் ஆலோசகர்களாகப் போய் நின்றார்கள். 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி தளர்ந்து மசோவியெட்ஸ்கி பிரதமரானார். அடுத்த சில வருடங்களில் அரசுப் பண்ணைகள் மூடப்பட்டு கிராமம் கிராமமாக வேலை போனது. அந்த மக்களை 'சோவியத் மனிதர்கள்', மாறத் தெரியாதவர்கள் என்று படித்தவர்கள் பலர் எழுதினார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் இழந்தது வேலையை. படித்தவர்கள் குறை சொன்னது அவர்கள் மனதை.

வார்சாவில் ஒரு கேலிச்சொல் உண்டு: 'ஸ்வொய்கி'. ஜாடிகள் என்று பொருள். சிறிய ஊர்களிலிருந்து வேலைக்கு வந்து, விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா சமைத்ததைக் கண்ணாடி ஜாடிகளில் கொண்டுவருகிறவர்களுக்கு வைத்த பெயர். வரி கட்டுகிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள், இருந்தாலும் ஜாடிகள்தான். இதை விளக்க எனக்குப் 'பண்பாட்டு மூலதனம்' தவிர வேறு சொல் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த நகரம் போரில் இடிந்து மண்மேடாகக் கிடந்தது. கேலி செய்கிறவர்களில் பலருடைய தாத்தா பாட்டியும் 1945க்குப் பிறகு வெளியூரிலிருந்து அங்கே குடியேறியவர்கள்தான்.

அன்புடன்