18ஆம் நூற்றாண்டில் கண்புரை வந்தால் என்ன செய்தார்கள்? அந்தக் காலத்துக் கண் வைத்தியர்கள் எல்லோருமே போலிகள்தானா?

பாக், ஹேண்டல் என்று இரண்டு பெரிய இசைமேதைகளின் கண்ணையும் ஜான் டெய்லர் என்ற ஒரே ஆள் கெடுத்திருக்கிறார், அப்படியானால் அன்றைக்கு எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ புரை ஆபரேஷன் பேச்சு நடக்கிறது, அதைத் தேடப் போய் இந்தக் கதை கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். "நீ யார் இதைப் பேச" என்று யாராவது வரக்கூடும். கத்தி பிடிப்பது எப்படி என்று நான் பேசப் போவதில்லை. கட்டு அவிழ்ப்பது பற்றிப் பேசப் போகிறேன். அது என் வேலை.

போலிகள் நிறையப் பேர் இருந்தார்கள், அது உண்மை. இங்கிலாந்தில் ஆன் அரசியின் கண் வைத்தியராக இருந்த வில்லியம் ரீட், முன்பு தையல்காரர். ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தவருக்கு 1705ல் சர் பட்டமே கொடுத்துவிட்டார்கள். ஆனால் டெய்லரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வில்லியம் செசல்டனிடம் முறையாகப் படித்தவர். அவர் செய்ததும் அன்றைக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த ஆபரேஷன்தான்.

அந்த ஆபரேஷன் இப்படி. நோயாளியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்கார வைப்பார்கள். பின்னால் ஒருவர் நின்று தலையைத் தன் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வைத்தியர் எதிரே உட்கார்ந்து, வெண்விழி வழியாக ஒரு ஊசியைச் செலுத்தி, வெள்ளை பூத்துப்போன லென்ஸை அப்படியே கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார். வெளியே எதுவும் எடுப்பதில்லை. பார்வைப் பாதையிலிருந்து அது விலகினால் சரி. மரத்துப்போக மருந்து கிடையாது. ஈதர் மயக்கம் 1846ல்தான் வருகிறது, கண்ணில் கொக்கெய்ன் சொட்டு விடுவது 1884ல். கை கழுவும் வழக்கமும் கிடையாது, ஏனென்றால் கிருமி என்ற பேச்சே அப்போது இல்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். தள்ளிய லென்ஸ் மறுபடி மேலே வந்துவிடலாம், கண்ணுக்குள் உடைந்து கரைந்து அழற்சி உண்டாக்கலாம், சீழ் பிடிக்கலாம்.

இதே ஊசியால்தான் செசல்டன் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்குப் பார்வை கொடுத்தார். அதை 1728ல் எழுதி வெளியிட்டார். அதில் ஆபரேஷனைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிகம். எல்லாப் பொருளும் கண்ணைத் தொடுவதுபோல் இருப்பதாக அந்தப் பையன் சொன்னானாம். பூனை எது, நாய் எது என்று பார்த்து மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, இனிமேல் உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று சொல்லிக் கீழே விட்டானாம். இதையெல்லாம் செசல்டன் எப்படி எழுத முடிந்தது? அவர் அவனை விட்டு எங்கும் போகவில்லை. மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்து, பிறகுதான் இன்னொரு கண்ணுக்கும் செய்தார்.

இப்போது அவருடைய மாணவர் டெய்லருக்கு வருவோம். வண்டி முழுக்கக் கண் படங்கள் வரைந்து, ஐரோப்பா முழுக்கச் சுற்றியவர். ஊருக்குள் வந்ததும் முதலில் ஒரு நீண்ட சொற்பொழிவு, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கட்டு. நாலைந்து நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவிழ்க்கிற நாள் வருவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். 1750ல் லைப்சிக்கில் பாக்குக்கு இரண்டு முறை செய்தார். அப்போது பாக்குக்கு 65 வயது. முதல் ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே பெர்லின் பத்திரிகையில் எல்லாம் வெற்றி என்று செய்தி வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் இரண்டாவது ஆபரேஷன்! அதன்பின் பாக் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். அதுவரை திடமாக இருந்த உடம்பு, ஆபரேஷனாலும் கூடக் கொடுத்த கெடுதலான மருந்துகளாலும் குலைந்துபோய் அரை வருடம் படுத்தார் என்று அவருடைய மகன் பங்கெடுத்து எழுதிய இரங்கல் குறிப்பு சொல்கிறது. ஜூலை 28ல் இறந்தார். ஆனால் டெய்லர் 1761ல் எழுதிய சுயசரிதையில், லைப்சிக்கில் 88 வயதான புகழ்பெற்ற இசை வல்லுநர் என் கையால் பார்வை பெற்றார் என்று எழுதியிருக்கிறார். வயதும் தப்பு, முடிவும் தப்பு. போய்த் திரும்பப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

ஹேண்டல் விஷயத்தில் கேள்வியில் இருப்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். 1751லேயே அவர் இடது கண் மங்குகிறது என்று தன் இசைக் குறிப்பிலேயே எழுதி வைத்தார். 1752ல் வில்லியம் புரோம்ஃபீல்ட் என்ற வேறொரு அறுவை மருத்துவர் ஊசியால் லென்ஸைத் தள்ளும் அதே ஆபரேஷனைச் செய்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே பார்வை போய்விட்டது. டெய்லர் வந்தது 1758ல். அவரால் பயன் இல்லை, ஆனால் அவர் கெடுத்தார் என்று சொல்வது நியாயம் இல்லை.

இந்தப் பாக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு முகாம் வந்தது. எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, மறுநாள் கருப்புக் கண்ணாடி, ஒரு சொட்டு மருந்து, ஒரு துண்டு, ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு ஊரில் இறக்கிவிட்டார்கள். இரண்டொரு நாள் கழித்து அதில் ஒரு பாட்டியின் மகன் எனக்குப் போன் செய்தார். "அம்மா ராத்திரி பூரா உறங்கல சார். ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தான செய்யும்னு பக்கத்துல சொல்றாங்க." எனக்கு அந்த வார்த்தை போதும். புரை ஆபரேஷன் செய்த கண் நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். கூடினால் ஏதோ இருக்கிறது.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி திண்ணையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பட்டாலே முகத்தைத் திருப்புகிறார். இமை வீங்கி மூடியிருந்தது. கை கழுவிவிட்டு மெதுவாக இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். வெண்விழி முழுக்க ரத்தச் சிவப்பு. கருவிழி தெளிவில்லாமல் புகைந்திருந்தது. அதன் அடிப்பக்கத்தில், வடித்த கஞ்சி ஆறி அடியில் படிந்த மாதிரி, வெள்ளையாகச் சீழ் நின்றது. "எத்தன வெரல் தெரியுது பாட்டி?" என்றேன். "கை ஆடுறது தெரியுது ஐயா, வெரல் தெரியல" என்றார். அந்தக் கண்ணில் யாரோ தாய்ப்பால் வேறு விட்டிருந்தார்கள்.

முகாம் சீட்டில் இருந்த எண்ணுக்குப் போட்டேன். "கேம்ப் முடிஞ்சிருச்சுங்க, டாக்டர் வேற மாவட்டத்துல இருக்காரு, அடுத்த மாசம் செக்கப்புக்கு வரச் சொல்லுங்க" என்று பதில். அடுத்த மாதம் வரை இருந்தால் அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியிருக்கும். அன்று ராத்திரியே ஒரு வாடகைக் காரில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். பணியில் இருந்த இளம் டாக்டர் அம்மா விடிய விடிய ஓடினார், அவருக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். கண் பிழைத்தது. முழுப் பார்வை வரவில்லை. ஆனால் சோற்றுத் தட்டைத் தானே பார்த்து எடுக்கிறார், தெருவில் தனியாக நடக்கிறார். அதே வேனில் போன மற்றவர்கள் வீட்டுக்கும் மறுநாள் போனேன். அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

முகாம்களுக்கு எதிராக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முகாம் இல்லையென்றால் நம் கிராமங்களில் பாதிக் கிழவர்கள் கண் தெரியாமலே செத்திருப்பார்கள். மறுநாளும் அடுத்த வாரமும் தேடி வந்து பார்க்கிற முகாம்களில்தான் நானே வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஆய்வுக் கூட்டங்களில் மேசை தட்டிக் கேட்கப்படுவது இந்த மாதம் எத்தனை ஆபரேஷன் என்பதுதான். அந்தக் கண்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று அதே வேகத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வீடு வீடாகப் போய்ப் பார்க்கப் பெட்ரோல் காசும் கையிலிருந்துதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். புரை தவிர மற்றக் கண் நோய்களுக்கு அன்று என்ன கொடுத்தார்கள் என்றால், பெரும்பாலும் ரத்தம் எடுப்பது, நெற்றிப்பொட்டில் அட்டை விடுவது, பேதிக்குக் கொடுப்பது, பிடரியில் கொப்புளம் எழுப்புவது. கண்ணைக் கழுவ வெள்ளைத் துத்தம் கரைத்த நீர், ஈயம் கலந்த நீர். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உருவாகக் காரணமான ஹான்ஸ் ஸ்லோன், ரகசிய மருந்தாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கண் களிம்பின் செய்முறையை 1745ல், தன் 85 வயதில் அச்சிட்டு வெளியிட்டார். துத்தநாக பஸ்மம், ஹெமடைட் என்ற இரும்புக் கல், கரியபோளம், முத்துப் பொடி, விரியன் பாம்பின் கொழுப்பு. நமக்கு அருவருப்பாக இருக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னார், அதை நான் மதிக்கிறேன். இன்றைக்கு நம் ஊர் மருந்துக்கடையில் கண் சிவப்பு என்றால் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று சொல்வதே இல்லை. சிவப்பு உடனே அடங்கும், நன்றாகக் கேட்கிறது என்று வருடக்கணக்கில் விடுவார்கள். கண் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய், நாற்பது வயதில் தடவித் தடவி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பார்வையை எந்த ஆபரேஷனாலும் திருப்ப முடியாது. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

இன்னொருவரைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. பிரான்சில் ழாக் தவியெல். அவரும் முதலில் ஊசிக்காரர்தான். தள்ளிய லென்ஸ் திரும்பி வருவதையும், கண்கள் கெடுவதையும் பார்த்துப் பார்த்து, 1747ல் கருவிழியின் கீழ் ஓரத்தைத் திறந்து லென்ஸை வெளியே எடுத்தார். 1752ல் பாரிஸ் அறுவை மருத்துவக் கழகத்துக்குக் கணக்குக் கொடுத்தார்: 115 கண்கள், அதில் 100 வெற்றி. அந்த மீதிப் 15ஐயும் தெரியும்படி வைத்தாரே, அதுதான் எனக்குப் பெரிது. அவரும் ஊர் ஊராகச் சுற்றியவர்தான், அரசருக்கும் கண் வைத்தியர்தான். ஆகவே சுற்றினார், விளம்பரம் செய்தார் என்பதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். லென்ஸ் போன கண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டியிருந்தது, அது வேறு. உள்ளே லென்ஸ் வைப்பது 1949ல்தான் தொடங்கியது.

சுஸ்ருதர் இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டாரே என்று கீழே கருத்து வரும். ஆமாம், ஊசியால் புரை நீக்குவதைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது, ஆபரேஷனுக்குப் பின் நோயாளி தும்மக் கூடாது, இருமக் கூடாது, எப்படிப் படுக்க வேண்டும் என்பது வரை சொல்கிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் அதே ஊசி நம் ஊரில் பின்னாளில் என்ன ஆனது என்பதையும் படியுங்கள். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளராக இருந்த எலியட், ஊர் சுற்றும் ஊசி வைத்தியர்களால் கெட்டுப்போய் வந்த கண்களை ஆராய்ந்து 1917ல் லண்டனில் சொற்பொழிவே நடத்தினார். அவர்களும் காசை வாங்கிக்கொண்டு, கட்டு அவிழ்வதற்குள் ஊரைவிட்டுப் போகிறவர்கள்தான்.

உங்கள் வீட்டில் நிஜமாகவே ஆபரேஷன் இருந்தால் பயப்படாமல் செய்யுங்கள். இன்றைக்கு அது மிகவும் பாதுகாப்பானது. எந்த லென்ஸ், எவ்வளவு விலை என்று கேட்பதோடு, ராத்திரி வலி வந்தால் எந்த நம்பருக்குப் போட வேண்டும், யார் எடுப்பார்கள், மறுநாள் யார் கட்டு அவிழ்ப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் வலி கூடினாலோ, முதல் நாள் தெரிந்த பார்வை மங்கினாலோ, சிவப்பு ஏறினாலோ அன்றே போங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அவர்கள் கொடுத்த சொட்டைத் தவிர வேறு எதையும் கண்ணில் விடாதீர்கள்.