பழைய பின்பாலும் பழுதான கம்பிகளும்: வாசகர் கேள்வி பதில்

பின்பால் என்பது, காசு போட்டு, சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை உருட்டிப் புள்ளி சேர்க்கும் ஆட்ட இயந்திரம். சிகாகோவின் காட்லீப் நிறுவனம் 1947இல் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற பின்பால் இயந்திரத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். உருண்டு வரும் எஃகுப் பந்தை ஆடுபவரே திருப்பி அடிப்பதற்கான பிளிப்பர் என்னும் துடுப்பு முதன்முதலாக இடம்பெற்றது அதில்தான். பக்கத்துக்கு மூன்றாக ஆறு துடுப்புகள் இருந்தன. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வரலாற்றைக் கேட்கவில்லை. வீட்டில் கிடக்கும் பழைய இயந்திரத்தை என்ன செய்வது என்றே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, நாங்கள் அண்மையில் வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறையில், முன்பிருந்தவர் விட்டுச்சென்ற காட்லீப் பின்பால் ஒன்று இருக்கிறது. 1960களைச் சேர்ந்தது என்று சொன்னார்கள். பலகையைத் தூக்கிப் பார்த்தால் நூல் சுற்றிய கம்பிகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன, நிறமெல்லாம் மங்கிவிட்டது. அத்தனையையும் கழற்றிவிட்டுப் புதுக் கம்பி இழுப்பதுதான் பாதுகாப்பு என்கிறார் என் மைத்துனர். அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: மைத்துனரின் அக்கறையை மதியுங்கள், ஆனால் அவர் கையில் வெட்டுக்குறட்டைக் கொடுத்துவிடாதீர்கள். நூல் பின்னிய கம்பி இற்றுப்போனது போலத் தோன்றினாலும், அதில் ஓடுவது வீட்டு மின்சாரம் அன்று. டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்து, மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகிப் பாகங்களை இழுக்கும் கம்பிச்சுருள்களான காயில்களுக்கு ஏறக்குறைய 24 வோல்ட்டும் விளக்குகளுக்கு 6 வோல்ட்டும் மட்டுமே அனுப்புகிறது. ஆகவே மெழுகு நூலால் கட்டப்பட்ட அந்தக் கம்பிக் கட்டின் நடுப்பகுதி இன்றும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கம்பியின் நிறமும் சுற்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. கட்டைப் பிரித்துக் கையில் கிடைத்த நிறங்களில் புதுக் கம்பி இழுத்துவிட்டால், அந்த வரைபடத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையிலிருந்த உறவு அறுந்துபோகிறது. பிறகு ஒரு ரிலே, அதாவது காயிலால் இயங்கும் சுவிட்ச், இழுக்கவில்லை என்றால் எந்தக் கம்பியைப் பின்தொடர்வது என்பது உங்களுக்கும் தெரியாது, உங்களுக்குப் பின் வருபவருக்கும் தெரியாது.

மாற்றியே ஆக வேண்டியவை சில இடங்கள்தான். முதலாவது, சுவரிலிருந்து வரும் மின்கம்பி. அக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில் எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்தான் இருந்தது. ஆடுபவரின் கைபடும் இடங்களான பக்கச் சட்டங்களும் காசு போடும் கதவும் உலோகத்தால் ஆனவை என்பதால், மூன்று இழைக் கம்பி போட்டு, அவ்வளவு உலோகத்தையும் எர்த்துடன் இணைத்து, ஃபியூஸும் சுவிட்சும் மின்னோட்டம் உள்ள இழையில் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையில் ஐயம் இருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, அடிக்கடி அசையும் இடங்களுக்குச் செல்லும் கம்பிகளின் நுனிகள். கதவு திறந்து மூடும் மூலையிலும் காயில் துடிக்கும் இடத்திலும் அவை முறிந்திருக்கும். மூன்றாவது, முன்பு பழுது பார்த்தவர்களின் கைங்கரியம். நான் திறந்து பார்த்த ஓர் இயந்திரத்தில், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஃபியூஸ்களை முதல் நாளே ஒவ்வொன்றாகக் கழற்றி, வரைபடத்தில் சொன்ன அளவுதானா என்று பாருங்கள். அடிக்கடி போகிறது என்பதற்காகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது, காயிலை ஃபியூஸாகப் பயன்படுத்துவதற்குச் சமம்.

நிறம் மங்கியிருப்பதற்கு ஒரு வழி உண்டு. வெளிச்சமும் தூசியும் பட்ட இடத்தில் சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். கட்டுக்குள் ஒளிந்திருக்கும் பகுதியை மெல்ல விலக்கிப் பார்த்தால் பழைய நிறம் அங்கே பத்திரமாக இருக்கும். அப்போதும் ஐயம் தீரவில்லையெனில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரால் இரு நுனிகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். முறிந்த நுனியைப் பற்றவைக்கும்போது கம்பியை முதலில் இணைப்புத் தகட்டின் துளையில் கோத்து வளைத்துவிட்டு, ரோசின் என்னும் பிசின் கலந்த சால்டர் ஈயத்தையே பயன்படுத்த வேண்டும். குழாய் வேலைக்கான அமிலப் பசை ஒரு சொட்டுப் பட்டாலும் சில ஆண்டுகளில் செம்பை அரித்துவிடும்.

கம்பிகளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், இவ்வகை இயந்திரங்கள் நின்றுபோவது பெரும்பாலும் கம்பியால் அன்று, சுவிட்ச் தகடுகளின் நுனியில் இருக்கும் தொடர்புப் பொட்டுகளால்தான். நுண்செயலி வருவதற்கு முந்தைய பின்பாலில் எண்ணிக்கையும் நினைவாற்றலும் ரிலேக்களிலும், படிப்படியாக நகரும் சக்கரங்களிலும், அடித்தளத்தில் சுழலும் ஸ்கோர் மோட்டாரிலும்தான் இருக்கின்றன. அவை எல்லாம் ஒன்றோடொன்று பேசுவது அந்தப் பொட்டுகளின் வழியாகவே. வெள்ளிப் பொட்டுகளை மிக மென்மையான சாணைத் தகட்டால் இரண்டு மூன்று முறை வருடினால் போதும். பிளிப்பரின் சுவிட்சில் இருக்கும் டங்ஸ்டன் பொட்டு கடினமானது. அதற்கு மட்டும் அரம் வேண்டும். பிளிப்பர் காயிலைப் பற்றியும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதனுள் இரண்டு சுற்றுகள் உண்டு: துடுப்பை உதைத்துத் தூக்குவதற்கு வலிமையானது ஒன்று, தூக்கிய நிலையில் பிடித்துக்கொள்வதற்கு மெலிந்தது இன்னொன்று. துடுப்பு உச்சிக்குப் போனதும் ஒரு சுவிட்ச் திறந்து மெலிந்த சுற்றையும் பாதையில் சேர்க்கிறது. அது சரியாகத் திறக்கவில்லை என்றால் வலிமையான சுற்று மட்டுமே தொடர்ந்து மின்சாரத்தை இழுத்துக் கருகும். திறந்திருந்தும் மூடும்போது பொட்டு ஒட்டவில்லை என்றால் துடுப்பு சோம்பலாக எழும். பிளிப்பர் பலமில்லை என்று புதுக் காயில் வாங்க ஓடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சிறு சுவிட்சைத்தான்.

கேள்வி: ரிலேக்கள் இறுகிக் கிடக்கின்றன. கதவுக் கீலுக்கு அடிக்கும் துருநீக்கி எண்ணெயை அடிக்கலாமா?
- ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: அடிக்கவே கூடாது. தொடர்புப் பொட்டுகளில் இயல்பாகவே சிறு தீப்பொறி எழும். அந்த எண்ணெய்கள் தீப்பற்றக்கூடியவை. பற்றாவிட்டாலும் தூசியோடு சேர்ந்து பிசினாகி, இப்போது இருப்பதைவிட இறுக்கமாக்கிவிடும். படிச் சக்கரங்கள் இறுகியிருப்பதற்குக் காரணமே, எப்போதோ யாரோ இட்ட மசகு காய்ந்துபோனதுதான். பிரித்து, பழைய மசகைத் துடைத்தெடுத்து, பெரும்பாலான பாகங்களை உலர்வாகவே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்களிடமுள்ள இயந்திரத்தின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும் தலைப்பெட்டியின் கண்ணாடியில் உள்ள ஓவியம் பின்பக்கமாகச் செதில் செதிலாக உரிகிறது. துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு ஒட்டலாமா, அல்லது புதிதாக அச்சிட்ட கண்ணாடியை வாங்கிப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: அம்மா, முதலில் அந்தத் துணியைக் கீழே வையுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஈரத்துணியால் ஒரே ஒரு முறை வருடியதில், ஒரு நடனப் பெண்ணின் இடது கை முழுவதையும் நான் துணியோடு எடுத்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. முன்பக்கம் வெறும் கண்ணாடி, அதை எப்படியும் துடைக்கலாம். பின்பக்கம் இருப்பது சில்க் ஸ்கிரீன் முறையில் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பட்ட மை அடுக்குகள். காண்பவர் பக்கமிருந்து பார்த்தால் கறுப்புக் கோடுகள் முதலில், பிறகு வண்ணங்கள், பிறகு வெள்ளை, கடைசியாக விளக்கொளியை மறைக்க வேண்டிய இடங்களில் ஓர் ஒளிபுகாப் பூச்சு. மையும் கண்ணாடியும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. குளிர்காலத்தில் சூடேற்றாத கராஜில் வைத்துவிட்டு, மறுநாள் விளக்கைப் போட்டு ஆடினால், அந்த இழுபறியில் மை கண்ணாடியை விட்டுவிடுகிறது. உங்கள் ஊர்க் குளிரைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே உரிதலை நிறுத்துவது முதல் வேலை. ஓவியத்தைத் திருத்துவது அதற்குப் பிறகுதான். கண்ணாடியை வீட்டுக்குள் கொண்டுவந்து, மைப்பக்கம் மேலே இருக்குமாறு படுக்கவைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மிகத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 44ஆம் எண் பல்புகள் இருந்தால் எடுத்துவிட்டு 47ஆம் எண் போடுங்கள். முன்னது கால் ஆம்பியர், பின்னது 0.15 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் சூடு கணிசமாகக் குறையும். தளர்ந்த செதில்களை நிலைநிறுத்தத் தடித்த, நிறமற்ற அக்ரிலிக் ஸ்ப்ரேயைப் பின்பக்கம் அடிப்பது பலரும் கையாளும் முறை. நானும் செய்திருக்கிறேன், ஆனால் மகிழ்ச்சியோடு அன்று: அடித்தபின் அதைத் திரும்ப எடுக்க முடியாது, சில மைகளைச் சுருங்கவும் வைத்துவிடும். கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, உரிதல் உண்மையிலேயே தொடர்கிறது என்றால் மட்டும் செய்யுங்கள். ஓவியம் அசையாமல் நிற்கிறது, ஆங்காங்கே கீறல் மட்டும் உண்டு என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

விடுபட்ட இடத்தைத் தீட்டுவதாக இருந்தால், ஓவியர் எந்த வரிசையில் இட்டாரோ அதே வரிசை: கோடு முதலில், வண்ணம் பிறகு, வெள்ளை அதன்மேல். காகிதத்தில் தீட்டிப் பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். வண்ணத்தை விளக்கு எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் சரிபாருங்கள். பகலில் பொருந்திய சிவப்பு, பல்பு எரிந்ததும் சேறுபோலத் தெரியும்.

புதுக் கண்ணாடி வாங்குவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் பழையதைக் குப்பையில் போடாதீர்கள். 1940களிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை காட்லீப் இயந்திரங்களுக்கு ராய் பார்க்கர் வரைந்த உருவங்களில், கூட்டத்தின் ஓரத்தில் நின்று யாரையோ கேலி செய்யும் ஒரு சிறு முகத்தைப் பார்த்து ரசித்தவர்களுக்கு, மறுபதிப்பில் அந்த முகத்தின் கோடு தடித்துப்போனால் உடனே தெரிந்துவிடும். கலிபோர்னியாவின் அலமீடாவில் உள்ள பசிபிக் பின்பால் அருங்காட்சியகம் போன்ற இடத்தில் அசல் கண்ணாடிகளை ஒளியோடு ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கேள்வி: ஆட்டப் பலகையில், பந்து பட்டதும் அதைத் தள்ளிவிடும் பம்பர்களைச் சுற்றி வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. பூசலாமா?
- ஒரு வாசகர், லண்டன்

பதில்: பூசலாம், முதலில் அழுக்கை எடுக்க வேண்டும். கருமையாகத் தெரிவதில் பாதி, பந்தும் காயிலும் உதிர்த்த உலோகத் துகள் பழைய மெழுகில் ஒட்டியிருப்பதுதான். அரக்கு மேற்பூச்சு உடைந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் மரநார் உப்பி, வண்ணத்தைத் தூக்கிவிடும்; ஆல்கஹால் அந்த மேற்பூச்சையே கரைத்துவிடும். நாஃப்தா என்னும் பெட்ரோலியக் கரைப்பானில் துணியை நனைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, அருகில் நெருப்பில்லாமல் துடையுங்கள். சமையலறையில் மாயம்போலக் கறை எடுக்கும் வெள்ளைப் பஞ்சு உண்மையில் ஒரு மென்மையான உப்புத்தாள். அது அழுக்கோடு ஓவியத்தையும் தேய்க்கும்.

வண்ணம் கலக்கும்போது எல்லாரும் செய்யும் பிழை, வெள்ளையை வெள்ளையாகப் பூசுவது. மேற்பூச்சு பல பத்தாண்டுகளில் மஞ்சளாகியிருப்பதால் சுற்றியுள்ள வெள்ளை இன்று தந்த நிறம். அதில் டப்பாவிலிருந்து எடுத்த வெள்ளை, பல்லுக்குப் பூசிய சுண்ணாம்புபோல நிற்கும். ஒரு துளி காவியும் ஒரு துளி பழுப்பும் சேர்த்து, சுற்றியுள்ளதைவிடச் சற்றே மங்கலாக நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே பூச்சு ஏறியதும் அது ஆழப்படும். கைக்கடக்கமான அளவில், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே போதும். காருக்கு அடிக்கும் இரு கலவைப் பூச்சைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. வெளிக்காற்றுக் குழாயுடன் கூடிய முகமூடியும் தனிக் கூடமும் இல்லாதவர்கள் அதை வீட்டில் தொடவே வேண்டாம். மரம் தெரிவது உள்ளங்கை அகலத்துக்குள் என்றால், மெழுகிட்டு அப்படியே ஆடலாம் என்பதுதான் என் விருப்பம்.

கேள்வி: அமெரிக்காவிலேயே பின்பாலைத் தடை செய்திருந்தார்கள் என்பது உண்மையா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மை. நியூயார்க் மேயர் லகார்டியா 1942இல் அதைச் சூதாட்டம் என்று தடைசெய்து, இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைக்கவும் செய்தார். அப்போது பிளிப்பரே கிடையாது என்பதைக் கவனியுங்கள். பந்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் ஆட்டம் என்பதால் அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு நியாயமும் இருந்தது. தடை 1976 வரை நீடித்தது. அவ்வாண்டு ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார் முன்னிலையில், பந்து எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி ஆடிக் காட்டியதற்குப் பிறகுதான் விலகியது.

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன், ஊருக்குத் திரும்பும்போது தன் 1960களின் பின்பாலையும் கொண்டுவர விரும்புகிறான். கோயம்புத்தூர் மின்சாரத்தில் ஓடுமா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓடும், நேரடியாக அன்று. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டை இறக்குவதற்குத் தகுந்த திறனுள்ள ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கிவிடலாம். ஹெர்ட்ஸை அப்படி மாற்ற முடியாது. அதனால் ஸ்கோர் மோட்டார் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். ஐம்பது புள்ளிகள் ஏறும் டக் டக் ஒலி சற்றே நிதானமாகக் கேட்கும், அவ்வளவுதான். இயந்திரத்துக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர்தான் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். ஆகவே வெளியிலிருந்து வருவது 115ஐத் தாண்டாமல், 110க்கு அருகில் இருப்பது நல்லது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அதை 50 ஹெர்ட்ஸுக்குரியதாக மாற்றிவிடுங்கள். ஐரோப்பாவுக்கும் இந்த இயந்திரங்கள் ஏற்றுமதியானதால் இது புதிய சிக்கல் அன்று. பொள்ளாச்சிச் சாலையில் மோட்டார் சுற்றித் தருபவருக்கும் கை வந்த வேலைதான். கப்பலில் ஏற்றும் முன் மகன் தலைப்பெட்டியைக் கழற்றி, ஓவியக் கண்ணாடியைத் தனியே எடுத்து, மைப்பக்கத்தில் எதுவும் உரசாதபடி நிற்கவைத்துக் கட்டட்டும். பந்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். 80 கிராம் எஃகு, அலை ஆடும்போதெல்லாம் பலகையில் தன் ஆட்டத்தை ஆடிக்கொண்டே வரும்.