மறுவாழ்வு சிகிச்சைக்கு இந்தியா வருமுன் வீட்டுக் குளியலறைக் கதவை அளந்துவிடுங்கள்

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 31 வயது. நாலு மாதத்துக்கு முன் தென்னையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு உடைந்துவிட்டது. ஒப்பரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். டயக்னோசிஸ் கார்டில் டி10 என்று எழுதியிருக்கிறது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. நாரிக்குக் கீழே ஒரு ரூபாய்க் குத்தி அளவில் புண் இருக்கிறது. வேலூரிலோ சென்னையிலோ வார்டில் சேர்த்துப் பயிற்சி கொடுப்பார்களாம். எத்தனை நாள் ஆகும்? என்ன விசா எடுக்க வேண்டும்? நடக்க வைத்துவிடுவார்களா? தம்பியின் மனைவியிடம் கைக்குழந்தை இருப்பதால் அம்மா கூடப் போகிறேன் என்கிறார்.

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். மற்றச் செலவெல்லாம் அதை நம்பித்தானே செய்கிறீர்கள்.

டி10 என்பது மார்புப் பகுதி முள்ளெலும்புகளில் பத்தாவது; அடி எந்த மட்டத்தில் பட்டது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. தண்டுவடம் முற்றிலும் செயலிழந்ததா, சில இழைகள் பிழைத்திருக்கின்றனவா என்பதைச் சொல்வது ஏ முதல் இ வரையான ‘ஆசியா’ தரநிலை. அதைக் கண்டறிய மருத்துவர் ஆசனவாயைச் சுற்றிப் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுப் பார்ப்பார். விரல் விட்டு, அழுத்தம் தெரிகிறதா, இறுக்க முடிகிறதா என்றும் பார்ப்பார். கூச்சத்திலோ அவசரத்திலோ இந்தச் சோதனை பலருக்கு விட்டுப்போகிறது. அங்கே கொஞ்சம் உணர்ச்சி இருந்தாலும் கணக்கு மாறும். புறப்படுவதற்கு முன் இப்போது பார்க்கும் மருத்துவரிடம் இதைச் செய்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

நாலு மாதம் கழிந்தும் ‘ஏ’, அதாவது முழுச் செயலிழப்பு, என்றே வந்தால், கால் திரும்ப வேலை செய்யும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு காலுக்கும் முழங்காலுக்கு மேல்வரை காலிப்பர் (காலை நேராகத் தாங்கும் சட்டம்) மாட்டி, வாக்கர் பிடித்துச் சில மீட்டர் நடக்கப் பழக்குவார்கள். அது உடற்பயிற்சிக்கு நல்லது, எலும்புக்கும் நல்லது. ஆனால் மூச்சு வாங்கும் வேலை என்பதால் கடைக்குப் போகவோ தொழிலுக்குப் போகவோ உதவாது. அதற்குச் சக்கர நாற்காலிதான். இதை முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லும் மையத்தை நம்பலாம். ஸ்டெம் செல் ஊசி போட்டு நடக்க வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். தண்டுவடக் காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதல்.

அப்படியானால் வார்டில் என்ன நடக்கும்? டி10 காயத்தில் கை இரண்டுக்கும் முழுப் பலம் உண்டு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து டாய்லெட்டுக்கும் தானாக மாறுவது, தோலைத் தானே கண்ணாடி வைத்துப் பார்ப்பது, சிறுநீரைத் தானே டியூப் விட்டு எடுப்பது, குறித்த நேரத்தில் மலம் போகப் பழகுவது, படி ஏறாமல் வாசல் தாண்டுவது எல்லாவற்றையும் அவரே செய்யப் பழக வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966 முதல் இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸே விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். உங்கள் நாட்டிலும் ராகமையில் புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. திரும்பி வந்தபின் தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவர் வேண்டும் என்பதால் அங்கேயும் ஒருமுறை காட்டி வையுங்கள்.

இப்படிப்பட்ட காயத்துக்கு உள்நோயாளிப் பயிற்சி வழக்கமாக 8 முதல் 12 வாரம் வரை ஓடும். விசாவில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆன்லைனில் எடுக்கும் இ-மெடிக்கல் விசா 60 நாளுக்குத்தான். பயிற்சி சூடு பிடிக்கும் நேரத்தில் நீட்டிப்புக்கு அலைய நேரிடும். மருத்துவமனை தன் லெட்டர்ஹெட்டில், வாரக் கணக்கைக் குறிப்பிட்டுத் தரும் கடிதத்தை வைத்து இந்தியத் தூதரகத்தில் வழக்கமான மருத்துவ விசாவுக்கு விண்ணப்பிப்பது நிம்மதி. கூட வருபவர்களுக்கு மருத்துவ உதவியாளர் விசா உண்டு. இ-விசாவில் ஒரு நோயாளியுடன் இருவர் வரை வரலாம். டூரிஸ்ட் விசாவில் வந்து வார்டில் சேர முயல வேண்டாம்.

அந்த இரண்டு பேர் யார் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். அம்மா முதலில் வரட்டும். ஆனால் அம்மாக்கள் பாசத்தில் பயிற்சியைக் கெடுப்பதும் உண்டு. மகன் சட்டை போடப் பத்து நிமிடம் போராடினால், எட்டிப் பிடித்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் பயிற்சி. கடைசி இரண்டு மூன்று வாரம் மனைவி குழந்தையோடு வேலூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பகலில் வந்து கற்றுக்கொள்ள முடிந்தால் மிக நல்லது. வீட்டில் தம்பியோடு வாழப் போகிறவர் மனைவிதான்.

இப்போது அந்தப் படுக்கைப் புண். எங்களுக்கு அதிகக் கவலை இதில்தான். வெளியே நாணய அளவுதான் தெரியும், உள்ளே பை போல் விரிந்திருக்கலாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து மையத்துக்கு அனுப்புங்கள். தோல் மட்டும் உரிந்திருந்தால் வார்டிலேயே ஆற்றுவார்கள். எலும்பு வரை போயிருந்தால் முதலில் தசையை நகர்த்தி மூடும் அறுவை சிகிச்சை வேண்டும். அதன்பின் பல வாரம் உட்காரவே விடமாட்டார்கள், விசாவில் பாதி அப்படியே கரைந்துவிடும். இன்றே தொடங்க வேண்டியது: படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, முதுகுக் காயம் அனுமதித்தால் குப்புறப் படுப்பது. நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை வாங்கிக் கொடுப்பவர்கள் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள், ஆனால் அது சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நெரித்துப் புண்ணைப் பெருக்கும். தூக்கிப் போடுங்கள்.

பயணத்தில் விமானத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை வேனில் உட்காரும் ஆறேழு மணி நேரம்தான் புண்ணுக்கு எதிரி. பின் சீட்டை நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் முந்தைய நாளே வந்து தங்குங்கள். சென்னை விமானம் ஒன்றரை மணி நேரம்தான். டிக்கெட் எடுக்கும்போதே ‘டபிள்யூ.சி.எச்.சி’ என்று பதியச் சொல்லுங்கள். இருக்கை வரை தூக்கிப் போக வேண்டியவர் என்பது அதன் பொருள். வெறுமனே வீல்சேர் என்று பதிந்தால் விமானக் கதவோடு விட்டுவிடுவார்கள். மருத்துவர் நிரப்பும் ‘மெடிஃப்’ படிவத்தையும் விமான நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். இருக்கைக்கு மாற்றும்போது பிட்டத்தை இழுத்து நகர்த்த விடாதீர்கள். தூக்கித்தான் வைக்க வேண்டும். அவருடைய குஷனும் நாற்காலியின் கால்தாங்கியும் கேபினுக்குள்ளேயே வரட்டும், சரக்கறைக்குப் போனால் தொலைந்துபோகும். காற்றடைத்த குஷன் என்றால் மேலே போனதும் உப்பிக் கெட்டியாகும். கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு, இறங்கியதும் மறுபடி சரிசெய்யுங்கள். டியூபிலிருந்து சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை மடியில் வைக்கக் கூடாது, எப்போதும் உடலுக்குள் உள்ள மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள், இரத்தக்கட்டி இருக்கலாம்.

கால் துடிப்புக்கும் இறுக்கத்துக்கும் பேக்லோஃபென் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் கைப்பையில் கூடுதலாக ஒரு வாரத்துக்கு வைத்திருங்கள். திடீரென்று நின்றால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். மாத்திரைப் பட்டியலில் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் இந்தியாவில் அடையாளம் தெரியாது, மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். கம்பி வைத்த ஆபரேஷன் குறிப்பு, எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சி.டி., சிறுநீரகத்தின் அல்ட்ராசவுண்ட், சிறுநீர்க் கல்ச்சர் அறிக்கை இவையும் வேண்டும். அச்சடித்த பிலிம் மட்டும் போதாது.

செலவைக் கேட்கும்போது ‘பேக்கேஜ் எவ்வளவு’ என்று கேட்காதீர்கள். ஒரு நாள் கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள்: பிசியோதெரபி நாளுக்கு எத்தனை மணி நேரம், ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) தனிக் கணக்கா, டியூப், டிரெஸ்ஸிங், காலிப்பர், நாற்காலி எல்லாம் வெளியிலா? பெரும்பாலும் கடைசி நான்கும் வெளியில்தான். சனி ஞாயிறு பயிற்சி உண்டா என்பதையும் கேளுங்கள், இரண்டு நாள் சும்மா படுத்தாலும் கட்டில் காசு ஓடும். அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்று 100க்கு மதிப்பெண் போடும் ‘ஸ்கிம்’ என்ற அளவுகோல் ஒன்று இருக்கிறது. சேரும்போது எவ்வளவு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வைத்தால், முன்னேற்றம் நின்றுபோன பிறகும் கட்டிலில் இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.

வீட்டைப் பற்றி. புறப்படுமுன் எல்லாக் கதவுகளின் அகலத்தையும் அளந்து, கதவைத் திறந்து வைத்த இடைவெளியைத் தனியே எழுதுங்கள். நாற்காலி 60 முதல் 65 செ.மீ. இருக்கும், 80 செ.மீ. இடைவெளியாவது இல்லாவிட்டால் கை முட்டி உரசும். பொதுவாக மாட்டிக்கொள்வது குளியலறைக் கதவுதான். வாசல்படி 15 செ.மீ. உயரமென்றால் சாய்தளம் 180 செ.மீ. நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கு. கட்டில் உயரம், டாய்லெட் உயரம், கிணற்றடி போகும் வழி எல்லாவற்றையும் படத்தோடு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் முதல் நாளே கொடுத்தால், அதே உயரத்தில் வார்டில் பழக்குவார்கள். கடைசி வாரத்தில் கொடுத்தால் அதற்கு நேரமிருக்காது. அவர் வார்டில் இருக்கும் மாதங்களில் ஊரில் மேசனை வைத்து வேலையை முடித்துவிடலாம்.

திரும்பும்போது வாங்கும் நாற்காலி, உள்ளூர் சைக்கிள் கடையில் டயரும் டியூபும் கிடைக்கும் ரகமாக இருக்கட்டும். பின்சக்கரம் 24 அங்குலமா என்று கேளுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டுச் சிறுநீர் எடுப்பதென்றால் நாளுக்கு நான்கு முதல் ஆறு டியூப். ஐந்து என்றே கணக்கு வைத்தால் மாதத்துக்கு 150. மூன்று மாதத்துக்கானதைக் கையோடு கொண்டுபோய், அது தீருமுன் மட்டக்களப்பில் எந்தக் கடையில் எந்த அளவு கிடைக்கிறது என்று பார்த்து வையுங்கள்.